புள்ளியும் பேரேடும்: நகரத்தார் வணிகம் நிலைத்த விதம்

நாட்டுக்கோட்டை நகரத்தார் என்னும் வணிகச் சமூகம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1942 வரை கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் முதலிய நகரங்களில் பெரும் பணத்தொழில் நடத்தியது. இவர்களின் சொந்த ஊர்கள் இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் செட்டிநாட்டுப் பகுதியைச் சேர்ந்தவை. மழை குறைந்த செம்மண் பூமி அது. வற்றாத ஆறு கிடையாது. அங்கிருந்து கிளம்பிய, சில பத்தாயிரம் பேரே கொண்ட ஒரு சமூகம், கடல் கடந்து பல நாட்டு அரசுகளின் கீழ் கோடிக்கணக்கில் பணம் புழங்கச் செய்தது. தொழிலின் பெரும்பகுதியும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையில் நடந்தது. சென்னையில் இருக்கும் ஒருவர் ரங்கூனில் இருக்கும் இன்னொருவருக்கு ஈடு கேட்காமல் கடன் கொடுத்தார்; கொடுத்த பணம் திரும்பியது. எல்லோரும் ஏற்றுக்கொண்ட சில விழுமியங்களும், அவற்றை அன்றாட நடப்பாக மாற்றிய வழக்கங்களுமே இதற்கு அடித்தளம்.

நகரத்தாரின் மரபுக் கதை அவர்களைக் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்குக் குடியேறியவர்களாகச் சொல்கிறது. கதையின் காலக் கணக்கு எப்படியிருந்தாலும், அதிலிருந்து கிளைத்த அமைப்பு உறுதியானது. சமூகம் முழுவதும் ஒன்பது நகரக் கோயில்களுக்குள் அடங்கும்: இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒவ்வொரு குடும்பமும் இவற்றுள் ஏதேனும் ஒரு கோயிலைச் சேர்ந்தது. ஒருவர் எந்த ஊரில் வீடு கட்டியிருந்தாலும், எந்தத் தீவில் கடை வைத்திருந்தாலும், அவர் யார் என்ற கேள்விக்கு முதல் விடை அவருடைய கோயில்தான்.

கோயிலில் சமூகத்தை எண்ணும் அலகு புள்ளி. திருமணமான கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. தந்தையும் மணமான மூன்று மகன்களும் ஒரே வீட்டில் இருந்தால் அந்த வீடு நான்கு புள்ளிகள் கொண்டது. கோயிலுக்கோ ஊருக்கோ பொதுச்செலவு வரும்போது புள்ளி வரி விதிக்கப்படும். பல லட்சம் வைத்திருப்பவரும், அவர் கடையில் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குபவரும் செலுத்தும் புள்ளி வரி ஒரே தொகைதான். செல்வத்துக்கு ஏற்பக் கூடுதலாக வாங்க ஆஸ்தி வரி என்று வேறொன்று இருந்தது. இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்ததில் ஆழ்ந்த யோசனை இருக்கிறது. ஆஸ்தி வரி செல்வத்தின் கடமையைக் கேட்டது. புள்ளி வரி உறுப்பினர் என்ற தகுதியைக் கொடுத்தது. வரி சமமாக இருந்ததால் கோயில் கூட்டத்தில் உரிமையும் சமமாக இருந்தது. பணக்காரர் தம் பணத்தால் கோயிலை வாங்கிவிட முடியவில்லை. வறியவர் தம் வறுமையால் வெளியே தள்ளப்படவும் இல்லை. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் காரியக்காரர்கள் முறை வைத்து மாறினர். மாறும்போது கணக்கை ஒப்படைக்க வேண்டும்.

திருமணமே சமூகப் பதிவேடாகவும் இருந்தது. மணமகன் கோயிலிலிருந்தும் மணமகள் கோயிலிலிருந்தும் மாலை வந்தால்தான் திருமணம் நிறைவேறும். மாலை அனுப்பும் கோயில் அந்தத் திருமணத்தைத் தன் ஏட்டில் பதிந்துகொள்ளும். புதிய புள்ளி அப்படித்தான் பிறக்கும். திருமணத்தின்போது இசைகுடிமானம் என்னும் எழுத்து உடன்பாட்டில் இரு தரப்பாரும் கையெழுத்திடுவார்கள். பிள்ளை இல்லாதவர் சுவீகாரம் எடுப்பதானால் தம் கோயிலைச் சேர்ந்த குடும்பத்திலிருந்துதான் பிள்ளை கூட்ட வேண்டும். குடும்பம், கோயில், எழுத்து ஆகிய மூன்றும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடந்தன. வட்டிக்கடை தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே, ஒப்புக்கொண்டதை எழுதி வைத்துக் காப்பது இந்தச் சமூகத்தின் இயல்பாகிவிட்டது.

மணமான மகனை வேறு வைப்பது இன்னொரு வழக்கம். செட்டிநாட்டு வீடுகள் மிகப் பெரியவை. பல தலைமுறை ஒரே கூரையின்கீழ் வாழும். ஆனால் மணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அடுப்பும் தனி அறையும் உண்டு. அவன் குடும்பத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடித்தனம் நடத்த வேண்டியது அந்தப் புதுத் தம்பதியின் பொறுப்பு. மாளிகையில் பிறந்தவர்களும் அளவறிந்து செலவு செய்யப் பழகியது இப்படித்தான். கூட்டுக் குடும்பத்தின் பாதுகாப்பும் தனிக் கணக்கின் பொறுப்பும் இங்கே ஒன்றையொன்று கெடுக்காமல் நின்றன.

வணிகத்தில் சமயம் கலந்த விதத்தைப் பழனியில் பார்க்கலாம். நகரத்தார் 17ஆம் நூற்றாண்டில் உப்பு வணிகராகப் பழனிக்குச் சென்றதையும், விற்பனையில் ஒரு பங்கை முருகனுக்கு மகமையாக ஒதுக்கியதையும் பழனி பற்றிய பழைய ஆவணங்கள் சொல்கின்றன. பின்னாளில் தைப்பூசத்துக்குக் காவடியுடன் நடந்து செல்லும் பாதயாத்திரையாக அந்த உறவு வளர்ந்தது; இன்றும் அது நடக்கிறது. மகமை என்பது லாபம் வந்த பிறகு மனம் இருந்தால் கொடுக்கும் கொடை அன்று. கடைக் கணக்கில் அதற்குத் தனிப்பற்று இருந்தது. பணத்தைச் சேர்த்து வைத்து, கோயில் பணம் என்ற பெயரிலேயே அதை வட்டிக்கும் விட்டனர். அந்த வட்டி திருப்பணிக்கும் சத்திரத்துக்கும் அன்னதானத்துக்கும் போனது. காசியிலும் இராமேசுவரத்திலும் நகர விடுதிகள் எழுந்தன. பினாங்கில் 1857இலும் சிங்கப்பூரில் 1859இலும் தண்டாயுதபாணி கோயில்கள் எழுந்தன. கடை வைத்த ஊரிலெல்லாம் கோயிலும் வைத்தார்கள். அங்கே வழிபாடு நடந்தது, வணிகர்கள் கூடிப் பேசினார்கள், வழக்குகளும் தீர்ந்தன.

தொழிலுக்கான பயிற்சி சிறு வயதிலேயே தொடங்கியது. பையன்கள் திண்ணைப் பள்ளியில் மாகாணி, காணி, முந்திரி வரை பின்ன வாய்ப்பாடுகளை ஒப்பித்து மனக்கணக்கில் தேறினர். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. வட்டியை நாள்வாரியாகக் கணக்கிடும் தொழிலில் இந்தத் தேர்ச்சி இல்லாமல் எதுவும் நடக்காது. பிறகு உறவினர் கடை ஒன்றில் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். பெட்டியடியில் உட்கார்ந்து பணம் எண்ணி, ஏடு எடுத்துக் கொடுத்து, கடிதம் படித்துப் பழகியவன் அடுத்தாளாக உயர்வான். அடுத்தாள் தேறினால் மேலாள். கோடீசுவரர் வீட்டுப் பிள்ளையும் வேறொருவர் கடையில் பெட்டியடியிலிருந்து தொடங்குவது வழக்கமாக இருந்தது. தொழிலைக் கற்றுக்கொடுக்கும் முறை என்பதையும் தாண்டி இதற்கு ஒரு பயன் இருந்தது: பிற்காலத்தில் முதலாளி ஆகப்போகிறவனின் குணத்தை மற்ற கடைக்காரர்கள் அவனுடைய பதினைந்து வயதிலிருந்தே பார்த்து அறிந்திருந்தார்கள்.

வெளிநாட்டுக் கடையை நடத்தியவர் மேலாள். முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருப்பார். மேலாள் வழக்கமாக மூன்றாண்டுக்குச் சம்பளம் பேசிக்கொண்டு கப்பலேறுவார். அதில் ஒரு பகுதி முன்பணமாக அவர் குடும்பத்துக்குக் கிடைக்கும். முதலாளியின் பெயரில் கடன் வாங்கவும் கொடுக்கவும் வழக்காடவும் அவருக்கு அதிகாரப் பத்திரம் உண்டு. நினைத்தால் அவர் முதலாளியை ஒரே மாதத்தில் தெருவுக்குக் கொண்டுவந்துவிட முடியும். அப்படி நடக்காமல் இருந்ததற்குக் காரணம் மேலாளின் ஊரும் கோயிலும் உறவும் செட்டிநாட்டிலேயே இருந்தன என்பது மட்டுமல்ல. அவர் ஒவ்வொரு நாளும் குறிப்பும் பேரேடும் எழுத வேண்டும். குறித்த காலத்தில் ஐந்தொகை எடுத்து முதலாளிக்கு அனுப்ப வேண்டும். மூன்றாண்டு முடிந்து அடுத்த மேலாள் வந்ததும், ஒவ்வொரு கடனையும் ஒவ்வொரு ஈட்டையும் சரிபார்த்து ஒப்படைக்க வேண்டும். நாணயம் என்ற விழுமியம் போற்றப்பட்டது. அது காக்கப்படுகிறதா என்று பார்க்கும் முறையும் கூடவே இருந்தது. நகரத்தார் வணிகத்தின் தனிச்சிறப்பு இந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது.

வெளிநாட்டில் அவர்கள் இருந்த இடம் கிட்டங்கி. சிங்கப்பூரின் மார்க்கெட் தெரு, ரங்கூனின் மொகல் தெரு போன்ற இடங்களில் நீண்ட கூடம் போன்ற கட்டடங்களில் பல கடைகள் சேர்ந்து இயங்கின. ஒவ்வொரு கடைக்கும் சொந்தமானது தரையில் ஒரு பாய் விரிக்கும் இடமும், ஒரு கைமேசையும், பணமும் பத்திரமும் வைக்கும் ஒரு பெட்டகமுமே. இரவில் அதே இடத்தில் உறக்கம். சாப்பாடு பொதுச் சமையலில். சுவரும் கதவும் இல்லாத இடத்தில் எவருடைய கடன் எவ்வளவு, யார் கடையில் யார் வந்து போகிறார் என்பது மற்றவருக்கு மறைக்க முடியாத செய்தி. ஊதாரித்தனமும் தடுமாற்றமும் முதல் நாளிலேயே பக்கத்துப் பாய்க்குத் தெரிந்துவிடும்.

கடையின் முதல் பல ஊற்றுகளிலிருந்து வந்தது. முதலாளியின் சொந்தப் பணம் முதல்பணம். அதற்கு மேல் உறவினரும் மற்ற நகரத்தாரும் போட்டு வைக்கும் வைப்புகள். ஆச்சிமார் பணம் என்பது பெண்களின் சீர்ப்பணம். அது கணவன் வீட்டுச் சொத்தில் கரைந்துவிடாமல் பெண்ணின் பெயரில் தனிக் கணக்காக நின்று வட்டி ஈட்டியது. கோயில் பணம் இன்னொன்று. இவை போதாதபோது அடத்தி எனப்பட்ட பெரிய கடைகள் சிறிய கடைகளுக்குக் கடன் தந்தன. அடத்திகள் ஆங்கிலேய வங்கிகளிடம் வாங்கின. ஒரு விதவையின் சீர்ப்பணம் ஐராவதி ஆற்றங்கரையில் நெல் விளைவிக்கப் போனது இந்தச் சங்கிலி வழியாகத்தான்.

தமக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு வட்டியைத் தனியொருவர் முடிவு செய்வதில்லை. ரங்கூனிலும் மற்றப் பெரிய நிலையங்களிலும் மாதம் ஒருமுறை கோயிலில் கடைக்காரர்கள் கூடி நடப்பு வட்டியைத் தீர்மானித்தனர். பணம் தட்டுப்பாடாக இருந்தால் ஏறும், மலிந்திருந்தால் இறங்கும். தீர்மானித்த பிறகு அந்த மாதத்துக்கு எல்லோருக்கும் அதுவே அளவு. வலுவான கடை நெருக்கடியில் இருக்கும் கடையிடம் அதிக வட்டி கறப்பதற்கு இதில் வழி குறைவு. நிலையான தவணைப் பணத்துக்கான வட்டியும் இதே அடிப்படையில் நின்றது. பல நாட்டு வங்கிகளும் அரசாங்கமும் இருந்த நகரங்களில், இந்தச் சிறு சமூகம் தன் பணச்சந்தையைக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து தானே ஒழுங்குபடுத்திக்கொண்டது.

தகராறு வந்தால் பஞ்சாயத்து. கோயிலில் கூடி மத்தியஸ்தர் முன் பேரேட்டை விரித்து வைத்தால் பெரும்பாலான வழக்குகள் அங்கேயே முடியும். தீர்ப்பை மீறுகிறவரைச் சிறையில் போட எவருக்கும் அதிகாரமில்லை. ஆனால் அவருக்கு நடப்பு வட்டியில் பணம் கிடைக்காது. அவர் வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் தயங்குவார்கள். கடைகள் விலாசம் என்ற பெயரால் அறியப்பட்டன. தந்தை, பாட்டன், பூட்டன் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தது விலாசம். அதைப் போட்டுக் கையெழுத்திடுகிறவர் மூன்று தலைமுறையின் நற்பெயரைப் பணயம் வைக்கிறார் என்பது கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியும்.

இந்த ஒழுங்கின் குறைகளையும் சொல்லாமல் விடக்கூடாது. ஆச்சிமாரின் பணம் தொழிலில் இருந்தது. பஞ்சாயத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. கடல் கடந்து போனவர்கள் பெரும்பாலும் ஆண்களே. மூன்றாண்டு, சில வேளை அதற்கும் மேல், மனைவிமார் அந்தப் பெரிய வீடுகளில் காத்திருந்தார்கள். குடித்தனம், கொடுக்கல் வாங்கல், பிள்ளை வளர்ப்பு எல்லாம் அவர்கள் தலையில். சீர் வழக்கம் பெண்ணுக்குச் சொத்துரிமை தந்ததோடு, பெண்ணைப் பெற்றவருக்குப் பெருஞ்சுமையாகவும் வளர்ந்தது. 1920களில் காரைக்குடியிலிருந்து வெளிவந்த ‘குமரன்’ போன்ற இதழ்கள் ஆடம்பரத் திருமணங்களையும் விதவையர் நிலையையும் கடுமையாகக் கண்டித்து எழுதின. அந்த விமரிசனம் சமூகத்துக்கு உள்ளிருந்தே வந்தது என்பது கவனிக்கத்தக்கது. பொது விழுமியங்களில் நம்பிக்கை கொண்டவர்கள்தாம் அவை எங்கே பிசகுகின்றன என்பதையும் எடுத்துச் சொன்னார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை பர்மாவில் வெளிப்பட்டது. ஆங்கிலேயர் 1852இல் கீழ்ப் பர்மாவைக் கைப்பற்றினர். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. ஐராவதி வடிநிலத்தின் காடும் சதுப்பும் பல மடங்கு வேகத்தில் வயலாயின. காட்டை வெட்டவும் மாடு வாங்கவும் அறுவடை வரை சாப்பிடவும் உழவருக்குப் பணம் வேண்டியிருந்தது. ஆங்கிலேய வங்கிகள் உழவருக்குக் கடன் கொடுக்கவில்லை, நகரத்தார் கொடுத்தனர். உள்ளூரில் கடன் கொடுத்தவர்கள் பலர் கேட்டதைவிட நகரத்தார் கேட்ட வட்டி குறைவு. 1930இல் பர்மாவில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்ததாக அக்காலத்து வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அவற்றின் மூலம் புழங்கிய பணம் 65 கோடி ரூபாய்க்குக் குறையாது. உலகின் மிகப் பெரிய அரிசி ஏற்றுமதி நாடாகப் பர்மா உயர்ந்ததில் இந்தப் பணத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. உழவர்களால் வட்டி கட்ட முடியவில்லை. கடைகளால் அடத்திக்கும் வங்கிக்கும் திருப்ப முடியவில்லை. ஈடாக இருந்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையிலிருந்த நிலம் 1930இல் சாகுபடிப் பரப்பில் 6 விழுக்காடு. 1937இல் 25 விழுக்காடு, அதாவது 24 லட்சம் ஏக்கருக்கு மேல். நிலம் அவர்கள் விரும்பிக் கேட்டதல்ல. பணத்தை மண்ணில் முடக்கிவிட்டால் வட்டிக்கடைக்காரர் பிழைக்க முடியாது. அவர்களுக்கு அது கெட்ட கடன். உழவருக்கோ அது பாட்டனார் காடு வெட்டித் திருத்திய வயல். 1930 டிசம்பரில் தராவடி மாவட்டத்தில் சயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி மூண்டது. அந்தப் பத்தாண்டு முழுவதும் இந்தியர் மீதான வெறுப்பு வளர்ந்தது.

நகரத்தாரின் விழுமியங்கள் எந்த எல்லையோடு நின்றன என்பது இங்கே தெளிவாகத் தெரிகிறது. நடப்பு வட்டி கூட்டத்தில் தீர்ந்தது. உழவனுக்கான வட்டி அந்தக் கூட்டத்துக்கு வெளியே இருந்தது. நகரத்தார் ஒருவர் நொடித்தால் உறவும் கோயிலும் பஞ்சாயத்தும் தாங்கின; பர்மிய உழவன் நொடித்தபோது நீதிமன்ற ஆணை மட்டுமே நடுவில் நின்றது. கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பொதுவான கோயிலில்லை, பொதுவான பஞ்சாயத்தில்லை, இருவரும் ஒப்புக்கொண்ட நியாயத்தின் அளவுகோலும் இல்லை. அரசாங்கம் நியாயமான விதிகளை நேரத்தோடு வகுத்திருந்தால் இந்த வெற்றிடம் ஓரளவு நிரம்பியிருக்கும். குத்தகைதாரரைக் காக்கும் சட்டம் 1939இலும், நிலம் வாங்கிப் பகிர்ந்தளிக்கும் சட்டம் 1941இலும்தான் வந்தன. அடுத்த ஆண்டே ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. லட்சக்கணக்கான இந்தியர் கப்பலிலும், அரக்கான், அசாம் வழியாகக் கால்நடையாகவும் தப்பினர். வழியில் பல்லாயிரம் பேர் இறந்தனர். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. அத்துடன் அங்கிருந்த நகரத்தார் சொத்தின் பெரும்பகுதி போயிற்று.

செட்டிநாட்டில் அதன் அடி பலமாக விழுந்தது. பேரேட்டில் லட்சங்கள் இருந்தும் கையில் ஒன்றுமில்லாமல் திரும்பியவர்கள் பலர். வீட்டுத் தேக்குத் தூண்களையும் மரச்சாமான்களையும் விற்றுச் சாப்பிட்ட குடும்பங்கள் உண்டு. ஆயினும் சமூகம் சிதறவில்லை. புள்ளி வரி தொடர்ந்து விதிக்கப்பட்டது; திருமண மாலைகள் தொடர்ந்து வந்தன; ஏற்கெனவே பழகியிருந்த கணக்கும் சிக்கனமும் வேறு தொழில்களுக்கு மாறின. அந்த மாற்றம் உண்மையில் 1942க்கு முன்பே தொடங்கிவிட்டது. 1906இல் சென்னையில் ஆர்பத்நாட் வங்கி முறிந்து பலரின் சேமிப்பு அழிந்தபோது, 1907இல் தொடங்கிய இந்தியன் வங்கிக்கு நகரத்தார் துணைநின்றனர். மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தார். மகமையாகக் கோயிலுக்குப் போன கொடை கல்விக்கும் திரும்பியது: அண்ணாமலைச் செட்டியார் முயற்சியில் 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரி தொடங்கினார். மைய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார்.

இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் 1969இல் நாட்டுடைமையாயின. கிட்டங்கிகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன, பெட்டியடிப் பயிற்சியும் இன்று இல்லை. ஒன்பது நகரக் கோயில்களில் புள்ளிக் கணக்கு மட்டும் இன்றும் எழுதப்படுகிறது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் வாழும் குடும்பங்கள் திருமணம் ஆனதும் தம் கோயிலில் பெயர் பதிந்து, மற்றவர்கள் செலுத்தும் அதே புள்ளி வரியைச் செலுத்துகின்றன.